ஷோரூம் சர்வீஸ் பில்லும் தேய்ந்த பிரேக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் சமயத்தில் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. நம் ஊரில் அன்றாடம் ஓடுகிற 100 முதல் 350 சிசி வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. உங்கள் வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால், மேனுவல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண சர்வீஸுக்குத்தான் வண்டியை விட்டேன். மதியம் போன் செய்து, "பிரேக் பேட் தேஞ்சு போச்சு சார், மாத்திடலாமா?" என்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாமா?

உடனே சொல்ல வேண்டாம். "எத்தனை மில்லிமீட்டர் பாக்கி இருக்கு?" என்று கேளுங்கள்.

பிரேக் பேடில் இரும்புத் தகடு ஒன்று, அதன் மேல் ஒட்டிய உராய்வுப் பொருள் ஒன்று. தேய்வது இந்த இரண்டாவதுதான். அது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே என்றால், அடுத்த சர்வீஸ் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலையில், இப்போதே மாற்றிவிடுவது நல்லது. மூன்று மில்லிமீட்டர் இருக்கிறது என்றால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியை உண்மையிலேயே பார்த்த சர்வீஸ் அட்வைசர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார், அல்லது மெக்கானிக்கைக் கேட்டுச் சொல்வார். "எழுபது பர்சன்ட் போயிடுச்சு", "கிலோமீட்டர் ஆயிடுச்சு, மாத்திடறது நல்லது" என்று பதில் வந்தால் யாரும் அளந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். இதெல்லாம் கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை; காசு உங்களுடையது.

ஆனால் ஒன்று. ஷோரூம்காரர் சொன்னால் அது ஏமாற்று வேலைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு கேட்காதீர்கள். பேட் நிஜமாகவே முடிந்திருந்து, நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பேடுக்கு ஆக வேண்டிய சில நூறு ரூபாய் டிஸ்க்குக்கும் சேர்த்துச் சில ஆயிரமாக மாறும். அளவைக் கேட்பதன் பயன் இரண்டு பக்கமும் உண்டு.

நானே வீட்டில் பார்க்க முடியுமா?

முடியும், டிஸ்க் பிரேக்கில் மிகவும் எளிது. மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, முன் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டிருக்கிற காலிப்பரின் உள்ளே பாருங்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பேட் தெரியும். பல பேடுகளில் நடுவிலோ ஓரத்திலோ ஒரு பள்ளக்கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு தேய்ந்து மறைந்துவிட்டால் பேட் முடிந்தது என்று கணக்கு.

இரண்டு பேடையும் பாருங்கள். வெளிப்பக்கம் உள்ளது கண்ணில் எளிதாகப் படும், அதை மட்டும் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். உள்பக்கத்து பேட் அதைவிட வேகமாகத் தேய்ந்திருப்பது அடிக்கடி நடக்கும். ஒன்று மூன்று மில்லிமீட்டர், இன்னொன்று ஒரு மில்லிமீட்டர் என்று இருந்தால், குறை பேடில் இல்லை. காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் கம்பி, அதாவது ஸ்லைடர் பின், அழுக்கும் துருவும் ஏறி இறுகிப்போயிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவாமல் புது பேட் மட்டும் போட்டால் அதுவும் அதே மாதிரி ஒருபக்கமாகத் தேயும். பேட் மாற்றும்போது "ஸ்லைடர் பின் கிளீன் பண்ணி கிரீஸ் வையுங்க" என்று ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது வேலைகளைக் குறித்துக்கொள்ளும் சீட்டு) எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு அறிகுறி, ஹேண்டில் பாரில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடி. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். மட்டம் குறைந்திருக்கிறதே என்று ஆயிலை ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். முதலில் பேடைப் பாருங்கள். நிரப்பிய டப்பாவோடு புது பேட் போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து டேங்க் பெயின்டில் விழும். பிரேக் ஆயில் பெயின்டை அரித்துவிடும்; விழுந்தால் துடைப்பதோடு விடாமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

என்னுடையது டிரம் பிரேக். உள்ளே எதுவுமே தெரியவில்லையே?

பல வண்டிகளில் பிரேக் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும், அதற்கு எதிரே பிரேக் பிளேட்டில் ஒரு முக்கோணக் குறி. ஒருவரை பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். அம்பு அந்தக் குறியைத் தொட்டுவிட்டால் ஷூவை (டிரம்முக்குள் பேடின் வேலையைச் செய்வது) மாற்ற வேண்டும்.

குறி இல்லாத வண்டியில், அட்ஜஸ்ட்மென்ட் நட்டைப் பாருங்கள். அது கிட்டத்தட்ட முழுதாக முறுக்கி, இனி முறுக்க இடமே இல்லை என்ற நிலையில் இருந்தால் ஷூ கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. சில இடங்களில் இந்த நிலையில் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். பிரேக் அருமையாகப் பிடிக்கும், பில்லும் ஐம்பது ரூபாயோடு முடியும். ஆனால் அதற்குப் பிறகு அம்புக்குறிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். ஷூ முடிந்தது உங்களுக்குத் தெரியாது. மேலும் மேலும் திருகினால் உள்ளே ஷூவை விரிக்கிற கேம் குறுக்காகத் திரும்பி, மிதித்த பிரேக் திரும்ப வராமல் சக்கரம் இறுகிக்கொள்ளவும் கூடும்.

டிரம்முக்கும் ஓர் எல்லை உண்டு. உள்பக்கம் அதிகபட்ச விட்டம் எவ்வளவு என்று வார்ப்பிலேயே பொறித்திருப்பார்கள். 130 மில்லிமீட்டர் டிரம் என்றால் 131 வரை என்பது வழக்கமான அளவு. அதைத் தாண்டினால் புது ஷூ போட்டும் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஓவல் ஆகிப்போன டிரம்மை லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். கடைந்த பிறகு விட்டம் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஷூவைக் கழற்றும்போது வரும் கருப்புத் தூளை வாயால் ஊதவோ, ஏர் அடித்துப் பறக்கவிடவோ கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைப்பது போதும்.

பேட் மட்டும் போதாது, டிஸ்க்கையே மாற்றணும் என்கிறார்கள்.

டிஸ்க்கின் மேலேயே 'மினிமம் திக்னஸ்' என்று ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பொறித்து, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவும் போட்டிருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அதைவிடக் குறைந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். அளக்காமல் சொன்னால் அளக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நகம் தடுக்கும்படி விளிம்பு நிற்கிறது என்பதோ, மேலே மெல்லிய வட்டக் கோடுகள் தெரிகின்றன என்பதோ மட்டும் மாற்றுவதற்குக் காரணம் ஆகாது.

பிரேக் பிடிக்கும்போது லிவர் விரலில் துடிக்கிறது என்றால் டிஸ்க் சீராக இல்லை. அப்போது தடிமன் எல்லைக்குள் இருந்தாலும் மாற்ற வேண்டி வரலாம். பேட் முழுசாகத் தேய்ந்து இரும்புத் தகடு டிஸ்க்கில் உரசிப் பள்ளம் விழுந்துவிட்டால் பேச்சே இல்லை.

பிரேக் பிடித்தால் கிரீச்சென்று கத்துகிறது. பேட் முடிந்துவிட்டதா?

முடிந்தும் இருக்கலாம், வெறும் தூசியாகவும் இருக்கலாம். மழையில் நனைந்த மறுநாள் காலையில் சத்தம் வந்து, நாலு தடவை பிரேக் பிடித்ததும் போய்விட்டால் கவலை வேண்டாம். டிஸ்க் மேல் படிந்த மெல்லிய துரு அது. இரும்பும் இரும்பும் அரைக்கிற கரகர சத்தம் வேறு, அதற்கு வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சர்வீஸ் முடிந்து வாங்கி வந்த அன்றே சத்தமும் வந்து, பிரேக்கும் வழுக்கினால், செயின் ஸ்பிரேயோ பாலிஷோ டிஸ்க்கில் பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்கலாம். பேட் எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்றால் தேய்த்தாலும் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவை சர்வீஸ் சென்டர் ஏற்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

பில்லில் எதை எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று பகுதி: சாமான், லேபர், 'இதர' என்று வருகிற சின்னச் சின்ன ஐட்டங்கள்.

சாமான் விலையில் நடக்கிற தில்லுமுல்லு ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. 590 ரூபாய் என்று போட்டிருந்தால் அதற்குள் 500 ரூபாய் அடக்கம், 90 ரூபாய் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஒழுங்கான பில்லில் 500 ரூபாயைத் தனியாகக் காட்டி, மத்திய வரி 45, மாநில வரி 45 சேர்த்து 590 என்று முடிப்பார்கள். ஆனால் 590-ஐ அடிப்படை விலையாகப் போட்டு, அதன் மேல் 18 சதவீதம் ஏற்றினால் 696 ரூபாய் 20 காசு வரும். இது தவறு. பாக்கெட்டில் வரும் பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருட்கள்) விதிகளின்படி குற்றம். தமிழ்நாட்டில் இதற்கான புகாரைத் தொழிலாளர் துறையில் கொடுக்கலாம். பாக்கெட் அட்டையைக் கேட்டு வாங்கி பில்லோடு ஒப்பிடுங்கள், ஒரு நிமிட வேலை.

முன்பு உதிரி பாகங்களுக்குப் பொருளைப் பொறுத்து 18, 28 என்று இரண்டு விகிதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம்தான். இன்னும் 28 போட்ட பில் வந்தால் விடாதீர்கள்.

லேபருக்கு எம்.ஆர்.பி. கிடையாது, அதன் மேல் 18 சதவீதம் தனியாக வருவது சரியானதே. ஆனால் லேபர் பட்டியல் சர்வீஸ் சென்டர் சுவரில் மாட்டியிருக்கும், அல்லது கேட்டால் காட்டுவார்கள். இரட்டை லேபர் வருகிறதா என்று பாருங்கள். பீரியாடிக் சர்வீஸ் லேபரிலேயே பிரேக்கைச் சுத்தம் செய்து அட்ஜஸ்ட் செய்வது அடங்கியிருக்கும்போது, 'பிரேக் கிளீனிங்' என்று தனியாக ஒரு வரி எதற்கு?

இதர ஐட்டங்களில்தான் பில் ஊதிப்போகிறது. எஞ்சின் ஃபிளஷ், ஃபியூயல் அடிட்டிவ், டெஃப்லான் கோட்டிங், ஆன்டி ரஸ்ட், பாலிஷ். மேனுவலில் இவற்றில் ஒன்றைக்கூட பார்த்ததாக ஞாபகம் இல்லை என்றால் உங்கள் ஞாபகம் சரியாகத்தான் இருக்கிறது. வண்டியை விடும்போதே "கூடுதல் டிரீட்மென்ட் எதுவும் வேண்டாம்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

எஞ்சின் ஆயில்: 800 மில்லி பிடிக்கிற வண்டிக்கு ஒரு லிட்டர் பில் போட்டிருந்தால் மிச்சம் 200 மில்லியோடு பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள்.

ஃப்ரீ சர்வீஸ் என்றார்கள், ஆயிரத்துச் சொச்சம் பில் வந்திருக்கிறதே?

ஃப்ரீ என்பது லேபருக்கு மட்டும். ஆயில், ஃபில்டர், தேய்ந்த சாமான் எல்லாம் உங்கள் கணக்கு. அந்த ஆயிரத்தில் லேபர் என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வாரண்டியில் பேட் மாற்றித் தர மாட்டார்களா?

மாட்டார்கள். பேட், ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள், பல்ப் எல்லாம் தேய்மானச் சாமான் என்று வாரண்டி புத்தகத்திலேயே விலக்கியிருப்பார்கள். இன்சூரன்ஸிலும் தேய்மானத்துக்கு இடமில்லை.

ஆனால் தேய்மானத்துக்குக் காரணம் வேறு ஒரு பழுது என்றால் கதை வேறு. புது வண்டியில் நாலாயிரம் கிலோமீட்டரில் ஒருபக்க பேட் மட்டும் முடிந்துவிட்டது, காரணம் காலிப்பர் பிஸ்டன் பின்வாங்கவில்லை என்றால், அந்தக் காலிப்பர் வாரண்டிக்குள் வரும். அப்போது பேடையும் சேர்த்துக் கேளுங்கள். இதற்குத்தான் கழற்றிய பேட் இரண்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு தடிமனில் இருப்பதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

தெருமுனை மெக்கானிக்கிடம் பேட் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

வாரண்டி காலத்தில் பீரியாடிக் சர்வீஸ்களை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட சென்டரில், சொன்ன கிலோமீட்டருக்குள் செய்து, கூப்பனில் முத்திரை வாங்கிவிடுங்கள். அது வாரண்டி நிபந்தனை. இடையில் வெளியே ஒரிஜினல் பேட் வாங்கிப் போட்டதற்காக எஞ்சின் வாரண்டியை மறுப்பது எந்தத் தர்க்கத்திலும் நிற்காது. ஆனால் வெளி ஆள் கை வைத்த பிரேக்கில் பிறகு கோளாறு வந்தால் அந்தப் பகுதிக்கு வாரண்டி கேட்பது சிரமம். அதனால் வாரண்டி முடியும்வரை ஏ.பி.எஸ். (அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியின் பிரேக் லைன், சென்சார் பக்கம் வெளியே கை வைக்கவிடாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

உதிரி பாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்ற புகாரில் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது கார்களைப் பற்றிய வழக்கு, மேல்முறையீடுகளும் போயின. ஆனாலும் வெளியே பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்று ஒரேயடியாகச் சொல்வது கேள்விக்கு உள்ளானது அப்போதுதான். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' என்று ஒரு இணையதளமும் தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு.

வெளியில் வாங்கினால் பாதி விலை. எங்கே வாங்குவது, எதை நம்புவது?

சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு தெரிந்திருக்கும். எல்லா ஊரிலும் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகள் வரிசையாக நிற்கிற ஒரு தெரு உண்டு. அங்கே மூன்று விதமான சரக்கு கிடைக்கும். வண்டி நிறுவனத்தின் பெயரில் வருகிற ஒரிஜினல். வண்டி நிறுவனத்துக்கே சப்ளை செய்கிற பாக நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. அப்புறம் பெயர் தெரியாதது. இரண்டாவதுதான் காசுக்கேற்ற சரக்கு. வண்டியில் ஏற்கெனவே என்ன பிராண்டு பொருத்தியிருக்கிறது என்று காலிப்பரிலேயே பெயர் பார்க்கலாம். கேடிஎம், ராயல் என்ஃபீல்டு வண்டிகள் பலவற்றில் தெரிகிற பைப்ரே என்பது, இத்தாலியின் பிரெம்போ நிறுவனம் சின்ன வண்டிகளுக்காக வைத்திருக்கிற பெயர்.

போலி நிறையவே உண்டு. பாக்கெட்டில் பார்ட் நம்பர், எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், நிறுவன முகவரி எல்லாம் இருக்க வேண்டும். ஒட்டின லேபிளுக்கு மேல் இன்னொரு லேபிள், மங்கலான அச்சு, பில் தர மாட்டேன் என்கிற கடை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். பிரேக் விஷயத்தில் பழைய சாமான் கடைப் பக்கம் போகவே வேண்டாம். புதுப்பேட்டையில் சைடு பேனல் வாங்கலாம், பிரேக் பேட் வாங்கக் கூடாது.

பிரேக் ஆயில் மாற்றணும் என்கிறார்கள். அது வெறும் காசு பிடுங்கும் வேலையா?

இல்லை. டிஸ்க் பிரேக் வண்டிகளில் பலரும் மறந்துவிடுகிற வேலை இதுதான். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்க இழுக்க அதன் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி என்பது தர அளவு. மலைப் பாதையில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் வந்துவிட்டால், லிவர் ஹேண்டில் பாரைத் தொடும், வண்டி நிற்காது.

பெரும்பாலான நிறுவனங்கள் சொல்வது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் அதே கணக்குதான். டப்பா மூடியில் எந்த வகை என்று பொறித்திருக்கும். டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. எப்போதோ பிரித்து வைத்த பாட்டிலில் இருந்து ஊற்ற விடாதீர்கள், அதில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருக்கும்.

புது பேட் போட்டு வாங்கி வந்தேன். பழசே நன்றாகப் பிடித்தது போல இருக்கிறது.

முதல் சில நூறு கிலோமீட்டர் அப்படித்தான் இருக்கும். பேடின் மேற்பரப்பு டிஸ்க்கோடு பொருந்தி வர வேண்டும். அதுவரை முன்னால் போகிற வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டு, அழுத்திப் பிடிக்காமல் நிதானமாகப் பிடித்து ஓட்டுங்கள்.

ஆனால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டு தடவை அடித்தால்தான் பிடிக்கிறது என்றால் அது ஏர் லாக், பிரேக் ஆயில் போகும் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அங்கேயே திரும்பக் கொடுத்து ஏர் எடுக்கச் சொல்லுங்கள். பேட் மாற்றிய வண்டியை வாங்கியதும், கிளப்புவதற்கு முன்பே லிவரைப் பலமுறை அமுக்கிக் கெட்டியாகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் அமுக்கு வெறுமனே போகும். ஷோரூம் வாசலில் இறங்கும் ராம்ப்பில் இதைத் தெரிந்துகொள்வது நல்ல நேரம் இல்லை.

எனக்கு மட்டும் ஏன் பேட் சீக்கிரம் முடிகிறது?

பேட் பத்தாயிரம் கிலோமீட்டரில் முடிவதும் உண்டு, இருபத்தைந்தாயிரம் தாண்டுவதும் உண்டு. டிராஃபிக், பின்னால் உட்காருபவரின் எடை, பேடின் தரம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனால் பாதிக் கேஸ்களில் காரணம் ஓட்டுபவரின் வலது கால். பிரேக் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் பின் சக்கரத்து பேடோ ஷூவோ லேசாக உரசிக்கொண்டே இருக்கும். பின்னால் வருகிறவருக்கு உங்கள் பிரேக் லைட் எப்போதும் எரிவதாகத் தெரியும். நண்பர் யாரையாவது பின்னால் வரச் சொல்லிப் பாருங்கள்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இரண்டு சுற்றாவது தாராளமாகச் சுற்ற வேண்டும். உடனே நின்றால் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்கூட்டர்களில் இரண்டு பிரேக்கையும் இணைக்கிற சி.பி.எஸ். கேபிளை அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருப்பதும் ஒரு காரணம்.

ஏ.பி.எஸ். வண்டிக்கு பிரேக் வேலை அதிகச் செலவா?

பேட் மாற்றுவதில் வித்தியாசம் பெரிதாக இல்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2018 ஏப்ரல் முதல் புது மாடல்களிலும், 2019 ஏப்ரல் முதல் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது; 125 வரை சி.பி.எஸ். இருந்தால் போதும் என்றார்கள். ஆகவே இது இப்போது சாதாரண விஷயம். ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தால் முதலில் சக்கரத்துப் பக்கம் உள்ள சென்சாரில் சேறு, இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "மாட்யூல் போயிடுச்சு" என்று பெரிய தொகை சொன்னால், ஸ்கேனரில் வந்த எரர் கோடை எழுதி வாங்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கொல்லிமலைக்குப் போகிறோம். பிரேக் ஓரளவு இருக்கிறது, போய் வந்து மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை இன்னும் செங்குத்து. தேய்ந்த பேடில் சூட்டைத் தாங்கப் பொருளே மிச்சம் இருக்காது, சூடு நேராகப் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும். நல்ல பேட் இருந்தாலும் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினை ஆஃப் செய்து உருட்டவே உருட்டாதீர்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் எஞ்சின் பிடிமானம் குறைவு என்பதால் அங்கங்கே நிறுத்தி ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆற்றுவதற்காகச் சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சொல்லாமலே சாமான் மாற்றிவிட்டு, காசு கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். என்ன செய்வது?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, வேலை செய்து கொடுத்தவர் தன் கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் நிறுத்திவைக்க இடம் கொடுக்கிறது. ஆனால் அது ஒப்புக்கொண்ட வேலைக்கு. நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலைக்கு அவர்கள் அதைக் காட்ட முடியுமா என்பது வாதத்துக்குரிய விஷயம். அதை கவுன்டரில் நின்று தீர்க்க முடியாது, மறுநாள் வேலைக்குப் போக வண்டியும் வேண்டும்.

எனவே நடைமுறையில் செய்ய வேண்டியது: ஜாப் கார்டை போட்டோ எடுங்கள். பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில்லின் அவர்கள் பிரதியில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், இந்த வேலைக்கு ஒப்புதல் தரவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, யு.பி.ஐ.யிலோ கார்டிலோ கட்டுங்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டாம். அன்றே வண்டி நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள். டீலர் தனி முதலாளி என்றாலும் நிறுவனத்தின் புகார்க் கணக்கு அவருக்கு வலிக்கும். பாதிப் பிரச்சினை இந்த மெயிலிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இருநூறு ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். இரண்டாயிரம் என்றால் போகலாம் என்பேன்.

பேட் முழுசாக முடிந்துவிட்டது, கரகரவென்று சத்தம். ஷோரூம் திங்கட்கிழமைதான் திறக்கும். ரெண்டு நாள் மெதுவாக ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. பேட் மாற்றுவது எந்த மெக்கானிக்கும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிற வேலை. பார்ட் நம்பரைச் சொல்லி ஸ்பேர்ஸ் கடையில் பேடை நீங்களே வாங்கி, மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்; பல ஊர்களில் வருகிறார்கள். கழற்றிய கையோடு டிஸ்க்கில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால் திங்கட்கிழமை வரை பஸ்.